காலையில் காலியாகாத தீனிப்பை: வீட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் கோழிகளில் கருப்பிதான் முதலில் ஓடிவரும். ஒருநாள் ஓடிவந்தது, தீவனத்தை இரண்டு கொத்து கொத்தியது, அப்படியே நின்றுவிட்டது. மார்புக்கு மேலே ஒரு உருண்டை துருத்திக்கொண்டிருந்தது. நன்றாக மேய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள், அனுபவசாலி ஒருவர் சொன்னார் என்று தலைகீழாகப் பிடித்து அமுக்கினேன். வாயிலிருந்து கொஞ்சம் பழுப்புத் தண்ணீர் வந்தது. அதன்பிறகு இரண்டு நாள் அது மூச்சு விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கோழிகளுக்குத் தீனிப்பைக் கோளாறு வந்தது. மூன்றும் மூன்று வகை. கோழி வளர்க்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களுக்காக எழுதுகிறேன். பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கியது உணவுக்குழாயின் ஓரத்தில் பைபோலப் புடைத்திருக்கும் தீனிப்பையில் தங்கி ஊறும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, செரிமான நீர் சுரக்கும் சிறு வயிற்றுக்கு இறங்கி, பிறகு பொடிக்கற்களை வைத்து அரைக்கும் தசைப்பைக்குப் போகும். அடைப்பு தீனிப்பையிலேயே இருக்கலாம். கீழே எங்கோ அடைத்துக்கொண்டு மேலே தேங்கியும் இருக்கலாம். வெளிச் சாக்கடை அடைத்தால் பாத்திரம் கழுவும் தொட்டியில்தானே தண்ணீர் நிற்கும்.

1. இருட்டியதும் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்

கோழியை மடியில் வைத்து, இறக்கைகளைக் கைக்குள் அணைத்துப் பிடியுங்கள். மார்பெலும்பின் மேல்முனையிலிருந்து விரலைக் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். நடுவிலிருந்து சற்று வலப்புறம் தீனிப்பை தட்டுப்படும். உங்கள் வலம் அல்ல, கோழியின் வலம்.

சாயங்காலம் அடையும்போது அது நிறைந்திருக்கத்தான் வேண்டும். இரவு முழுவதற்குமான தீனி அது. விடியற்காலையில், தீவனம் வைப்பதற்கு முன்னால், தளர்ந்த தோல் மட்டும்தான் கைக்கு வரவேண்டும். சாயங்காலத்து உருண்டை காலையிலும் அப்படியே இருந்தால் பிரச்சினை தொடங்கிவிட்டது. பகலில் அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நல்ல கோழியின் தீனிப்பை பகலில் எலுமிச்சம்பழம் அளவுக்கும் வரும், அதற்கு மேலும் வரும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கூண்டுக்குள்ளேயே தீவனப் பாத்திரம் இருந்தால், நீங்கள் எழுவதற்கு முன்பே அது தின்றிருக்கும். நிறைந்த தீனிப்பையைப் பார்த்து நோய் என்று நினைப்பீர்கள். சந்தேகம் வந்த அன்று இரவு தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அடைகாக்கும் கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்துவந்து ஒரே மூச்சில் நிறையத் தின்னும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

2. பிரித்து வையுங்கள், எடை போடுங்கள்

காலையில் காலியாகவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கோழியைத் தனியே வையுங்கள். தண்டிப்பதற்காக அல்ல. கூட்டத்தில் விட்டால் எது எந்தக் கோழியின் எச்சம், யார் தண்ணீர் குடித்தது என்று ஒன்றும் தெரியாது. முடிந்தால் மற்றக் கோழிகள் கண்ணில் படும்படி கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வையுங்கள். வாரக்கணக்கில் கண்ணில் படாமல் போனால் திரும்பச் சேர்க்கும்போது கொத்து விழும்.

தரையில் வைக்கோலோ மரச்சீவலோ போடாதீர்கள். பசியில் அதையே தின்னும். செய்தித்தாள் போதும், துணி விரித்தால் ஓரம் நூல் பிரியாததாக இருக்கட்டும். ஒரு மூலையை மட்டும் வெதுவெதுப்பாக வையுங்கள், வேண்டுமானால் அதுவே அங்கே போய் உட்காரும். வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

எடை போட சமையலறைத் தராசு போதும். ஒரு அட்டைப்பெட்டியை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கோழியை உள்ளே உட்கார வையுங்கள். தினமும் ஒரே நேரம், காலையில். 1,800 கிராம் கோழி 180 கிராம் இழந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கண்ணுக்கு அது தெரியாது, இறகு மறைத்துவிடும். கருப்பியின் உடல் எனக்குக் கனமாகத்தான் தோன்றியது. தீனிப்பையில் இருந்த பாரத்தையும் சேர்த்துத் தூக்கினால் வேறு எப்படித் தோன்றும்? மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்திமுனை போலக் குத்தினால், கோளாறு நேற்று வந்ததல்ல.

எச்சத்தையும் பார்க்கப் பழகுங்கள். பழுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக இருப்பது வழக்கமான எச்சம். நாளில் சில தடவை களிபோல ஒட்டுகிற, நாற்றமடிக்கிற பழுப்பு எச்சம் போடும், அதுவும் சரிதான். கொஞ்சமாக, கரும்பச்சையாக, தண்ணீராக வந்தால் தீனி கீழே இறங்கவில்லை. அது வெறும் பித்தம்.

3. எந்த வகை என்று விரலும் மூக்கும் சொல்லும்

சிகிச்சை ஒன்றுக்கொன்று முரணானது என்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கெட்டியாக, பிசைந்த மாவு உருண்டைபோல அல்லது அதைவிட இறுக்கமாக இருந்தால் அடைப்பு. அழுத்தினால் குழி விழுந்து மெதுவாகத்தான் திரும்பும். நீளமான புல், வைக்கோல், கயிறு, நெகிழித் துண்டு இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

தண்ணீர் நிறைந்த பலூன்போலத் தளதளவென்று இருந்து, அலகருகே முகர்ந்தால் அளவுமீறிப் புளித்த மாவின் வாடை அடித்தால் அது புளித்த தீனிப்பை. கேண்டிடா என்ற ஈஸ்ட் மிதமிஞ்சி வளர்வதுதான் பெரும்பாலும் காரணம். தீனி எந்தக் காரணத்தால் தேங்கினாலும் அது புளிக்கும், ஆகவே முதல் வகை இரண்டாம் வகையாக மாறுவதும் உண்டு.

தோல் தளர்ந்து, மார்புக்குக் கீழே பைபோலத் தொங்கி, நடக்கும்போது இடமும் வலமும் ஆடினால் தொங்கும் தீனிப்பை. தசை வலுவிழந்துவிட்டது. இது ஒரே நாளில் வருவதல்ல.

இப்போது அலகைத் திறந்து உள்ளே பாருங்கள். ஒருவர் கோழியைப் பிடிக்க, இன்னொருவர் கைவிளக்கு பிடிக்கட்டும். வெள்ளையாகத் தயிர் ஒட்டியதுபோல் படலம் இருந்தால் ஈஸ்ட்டாக இருக்கலாம். மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போன்ற திட்டு இருந்தால் அது டிரைக்கோமோனாஸ் என்ற வேறொரு நுண்ணுயிரியின் வேலையாக இருக்கலாம். அம்மை நோயும் வாய்க்குள் படலம் உண்டாக்கும். மூன்றுக்கும் வழி வேறு. வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடியது அல்ல. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வயிற்றையும் தடவிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே வீங்கி, தண்ணீர்ப் பைபோல இருந்தாலோ, பெங்குவின் போல நிமிர்ந்து நின்றாலோ கோளாறு முட்டைப்பாதையில் இருக்கக்கூடும். தீனிப்பை நிற்பது அதன் எதிரொலி. இளங்கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு கிடந்தால் மாரெக் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும், அது தீனிப்பைக்குப் போகும் நரம்பையும் தாக்கும். குடற்புழுவும் ஈய நஞ்சும்கூட இதே தோற்றத்தைக் கொடுக்கும். தீனிப்பையை மட்டும் பிசைந்துகொண்டிருந்தால் இவை எல்லாம் நழுவிவிடும்.

ஒரு கோழி அல்ல, இரண்டு மூன்று ஒரே சமயத்தில் தூங்கி வழிகின்றன, பச்சையாகக் கழிகின்றன, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, திடீரென்று சாகின்றன என்றால் இந்தக் கட்டுரையை மூடிவையுங்கள். அது வெள்ளைக் கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். கோழிகளை எங்கும் எடுத்துச் செல்லாமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

4. மருத்துவர்: எப்போது, என்னென்ன எடுத்துக்கொண்டு, எவ்வளவு செலவுக்குத் தயாராக

உடனே போக வேண்டிய நிலை: வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, தொண்டையில் களகளவென்று சத்தம், நிற்க முடியவில்லை, கொண்டை நீலம் பாய்கிறது, 24 மணி நேரமாக எச்சமே இல்லை, வாயிலிருந்து நூலோ கயிறோ தொங்குகிறது. கயிறு தெரிந்தால் இழுக்காதீர்கள். மறுமுனை தசைப்பையில் சுற்றியிருந்தால் உள்ளே அறுத்துவிடும்.

இவை ஒன்றும் இல்லை, கோழி கண் விழித்துச் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் வீட்டில் பார்க்கலாம். ஆனால் கெடு 48 மணி நேரம். இரண்டாம் நாள் காலையிலும் தீனிப்பை சுருங்கவில்லை என்றால் மூன்றாம் நாளை வீட்டில் கழிக்காதீர்கள். ஏற்கெனவே மெலிந்த கோழிக்கு அந்த 48-ம் கிடையாது.

நாய் பூனைக்குப் பார்க்கும் எல்லா இடத்திலும் கோழிக்குப் பார்ப்பதில்லை. நான் ஒரு இடத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் காத்திருந்து, உள்ளே போனதும் "கோழியா, நாங்கள் பார்ப்பதில்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கோழி நன்றாக இருக்கும்போதே தொலைபேசியில் விசாரித்து வையுங்கள்: பறவைகளுக்குப் பார்ப்பீர்களா, எக்ஸ்ரே எடுக்க முடியுமா, தீனிப்பை அறுவை செய்த அனுபவம் உண்டா, விடுமுறை நாளில் யாரை அழைப்பது. நான்கே கேள்விதான்.

எடுத்துப் போக வேண்டியவை:

- தேதி, காலை எடை, காலை தீனிப்பை, மாலை தீனிப்பை, எச்சம், குடித்த தண்ணீர் என்று எழுதிய தாள். மூன்று வரி இருந்தால்கூடப் போதும்.
- கோழியின் வயது, எப்போது வாங்கியது, போட்ட தடுப்பூசிகள், கடைசியாகப் புழுமருந்து கொடுத்த தேதி.
- தீவன மூட்டையின் சீட்டைப் படம் எடுத்தது. மருந்து கலந்த தீவனமா, எப்போது தயாரானது என்பது அதில்தான் இருக்கும்.
- நீங்கள் ஏற்கெனவே கொடுத்த மருந்தின் அட்டையோ புட்டியோ. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.
- அன்று காலையில் விழுந்த எச்சம், மூடிய சிறு டப்பாவில். புழு முட்டை பார்க்க இது தேவை.
- வாயின் படம், நடக்கும் காணொளி. மருத்துவமனை மேசையில் ஏறியதும் கோழி நடிக்கும், நோய் இல்லாததுபோலவே நிற்கும்.

எடுத்து வர வேண்டியவையும் உண்டு. மருந்தின் பெயர், எத்தனை மில்லி, நாளுக்கு எத்தனை தடவை, எத்தனை நாள், முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எக்ஸ்ரே எடுத்தால் அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மருத்துவரிடம் போக நேர்ந்தால் இரண்டாவது எக்ஸ்ரே செலவு மிச்சமாகும்.

வீட்டில் வாங்குகிற சிரிஞ்சு, தராசு, எண்ணெய் எல்லாம் சில்லறைச் செலவு. பணம் போவது எக்ஸ்ரேயிலும், மயக்க மருந்திலும், அறுவையிலும், அதன்பிறகு திரும்பத் திரும்பப் போய் வருவதிலும். ஆகவே மொத்தமாக "எவ்வளவு ஆகும்" என்று கேட்காமல், பார்ப்பதற்கு, பரிசோதனைக்கு, அறுவைக்கு, அறுவைக்குப் பின் என்று பிரித்துக் கேளுங்கள். எது வரை போவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. மேசைமேல் கோழி கிடக்க, நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. வலியில்லாமல் முடித்து வைப்பதும் மருத்துவர் செய்யக்கூடிய ஒன்றுதான். அதைக் கேட்பதில் குற்றம் இல்லை.

5. கல்லாக இருந்தால்

முதலில் செய்யக்கூடாதது. தலைகீழாகப் பிடிக்காதீர்கள். கோழியின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, நமக்கு இருப்பதுபோல் அதற்கு மூடி கிடையாது. தீனிப்பையிலிருந்து மேலே வருவது நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். கருப்பிக்கு நடந்தது அதுதான். இணையத்தில் காணொளி பார்த்துவிட்டுச் செய்கிறவர்களுக்கு, பிழைத்த கோழிகளின் காணொளிதான் கண்ணில் படுகிறது.

திடத் தீவனத்தை நிறுத்துங்கள், 12 மணி நேரம். எப்படியும் 24-ஐத் தாண்ட வேண்டாம். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். ஒரு கோழி சாதாரணமாக நாளுக்கு 200 மில்லிக்கு மேலேயே குடிக்கும். அளந்து ஊற்றி வைத்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

குடிக்கவில்லை என்றால், ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அலகின் பக்கவாட்டில் துளித்துளியாக விடுங்கள். ஒரு வாய்க்கு ஒரு மில்லிக்கும் குறைவு. அது விழுங்கித் தலையை உதறிய பிறகு அடுத்த துளி. தொண்டைக்குள் பீய்ச்சுவதோ, பழகாத கையால் குழாய் விடுவதோ கூடாது. குழாய் மூச்சுக்குழாயில் போனால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்தது.

எண்ணெய் கொடுக்கலாமா என்பது எல்லோரும் கேட்பது. திரவமாகக் கொடுத்துப் புரையேறினால் தண்ணீரைவிட மோசம். நான் கற்ற தந்திரம் இது: தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து, பட்டாணி அளவில் கிள்ளி, இரண்டு மூன்று துண்டு கொடுங்கள். கோழி அதைத் தீனி என்று நினைத்துத் தானே விழுங்கும்.

பத்து நிமிடம் கழித்துப் பிசையுங்கள். கோழியை நிமிர்ந்த நிலையில் அணைத்துக்கொண்டு, விரல் நுனியால் வட்டமாக, கெட்டி மாவுக்குத் தண்ணீர் தெளித்துத் தளர்த்துவதுபோல. தொண்டையை நோக்கித் தள்ளவே கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. கோழி கழுத்தை நீட்டி விழுங்குவதுபோல் செய்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உருண்டை இரண்டாகப் பிளப்பது விரலுக்குத் தெரியும், அது நல்ல சேதி. பெரிய கரும்பழுப்பு எச்சம் விழுந்தால் அதைவிட நல்ல சேதி. என் வீட்டில் அதற்குக் கைதட்டல்கூட விழுந்திருக்கிறது.

பிசைந்தும் அசையவில்லை என்றால் அது பிசைந்து தீரும் பொருளல்ல. கருப்பிக்குக் கடைசியில் அறுவை செய்தார்கள். மேசைத்தட்டில் வந்து விழுந்தது விரல் நீளப் புல், கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, அதன் நடுவில் ஒரு நீல நைலான் இழை. செடியைக் கட்ட நான் வாங்கிய கயிறு அது. வாடை அறையில் இருந்த எல்லோரையும் ஓரடி பின்னால் தள்ளியது.

சவரக் கத்தியால் வீட்டிலேயே கீறி எடுத்தேன் என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். தீனிப்பையின் சுவரும் மேல்தோலும் வேறு வேறு அடுக்கு. இரண்டையும் தனித்தனியே தைக்க வேண்டும், சேர்த்துத் தைத்தால் பிரிந்து ஒழுகும். அதை விடுங்கள், மயக்கமில்லாமல் கீறுவது கொடுமை.

6. புளித்திருந்தால்

இங்கே பிசைவதே ஆபத்து, திரவம் மேலேறி வரும். சிரிஞ்சில் தண்ணீர் புகட்டவும் வேண்டாம், ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது. கழுத்து தாழும்படி தூக்காதீர்கள். தீவனத்தை நிறுத்திவிட்டு, குடிக்கச் சுத்தமான தண்ணீர் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். தேங்கியதைக் குழாய் விட்டு வெளியேற்றிக் கழுவுவது அவர் வேலை.

ஈஸ்ட்டுக்கு வழக்கமாகத் தருவது நிஸ்டாடின். இது குடலிலிருந்து உடம்புக்குள் ஏறுவதில்லை. பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். அதனால் தீனிக்கு முன், தீனிப்பை முடிந்தவரை காலியாக இருக்கும்போது கொடுப்பார்கள். அளவு எடையைப் பொறுத்தது, தினமும் எடை போடச் சொன்னதன் பயன் இங்கே தெரியும். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள், சொன்ன நாள் வரை கொடுங்கள்.

என் இரண்டாவது கோழிக்கு இந்த நோயை வரவழைத்ததே நான்தான். சளி என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். நல்ல நுண்ணுயிர்கள் செத்து, ஈஸ்ட்டுக்கு மைதானம் காலியானது. அதன்பிறகு மிச்ச மருந்து வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன்.

வீட்டு வைத்தியங்கள் பற்றி என் எண்ணம்: ரொட்டி கொடுத்தால் ஊதி மாவாகும், ஈஸ்ட்டுக்கும் தீனி. சமையல் சோடா வாயுவை உண்டாக்கும். தயிர் ஒரு கரண்டி கெடுதல் செய்யாது, ஆனால் முற்றிய புளிப்பை அது தீர்த்து நான் பார்த்ததில்லை. பால் சர்க்கரை கோழிக்குச் சரியாகச் செரிக்காது, அதிகம் கொடுத்தால் கழியும். மயில்துத்தம் பழைய முறை, கொஞ்சம் அளவு மீறினாலும் விஷம், தொடாதீர்கள். வினிகர் கலந்த தண்ணீரை உலோகப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரம் அரிக்கும். நோயாளிக் கோழி அந்த ருசிக்குத் தண்ணீரையே ஒதுக்கிவிட்டால் இன்னும் மோசம்.

7. தொங்கினால்

இது தீராது, சமாளிக்கலாம். மூன்றாவது கோழி இப்படித்தான் இருக்கிறது. ஒரே நேரத்தில் நிறையத் தின்னவிடாமல், ஊறவைத்த தீவனத்தை நாளுக்கு நான்கு தடவையாகப் பிரித்து வைக்கிறேன். தொங்கும் பையை மேலே தூக்கிப் பிடிக்கும் துணிக்கச்சை கட்டுகிறவர்கள் உண்டு. கட்டினால் அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் தீனி கீழே இறங்கும் வழியே நசுங்கும்.

8. தீவனத்தைத் திரும்பத் தொடங்குவது

தீனிப்பை காலையில் காலியாக இருந்த அந்த முதல் நாள்தான் ஆபத்தான நாள். பசியோடு இருக்கும் கோழிக்கு முழுக் கிண்ணம் வைத்துவிட்டு, மறுநாள் பழைய இடத்துக்கே திரும்பியவன் நான்.

முதல் நாள்: முட்டைக்கோழித் தீவனத்தை வெந்நீரில் கஞ்சிப் பதமாக ஊறவைத்து, ஆறியதும், ஒரு மேசைக்கரண்டி. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்து, சுருங்கியிருந்தால் இன்னொன்று. வேகவைத்த முட்டையை மசித்துக் கொஞ்சம் சேர்க்கலாம். மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொட்டிவிடுங்கள், ஈரத் தீவனம் சீக்கிரம் புளிக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் அளவைக் கூட்டிக் கெட்டிப் பதத்துக்கு வாருங்கள். முழுத் தானியமும் கீரையும் ஒரு வாரம் போகட்டும். நல்ல கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். அந்த அளவுக்கு வர பத்து நாள்கூட ஆகலாம். எடை ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

9. மருந்தும் முட்டையும்

மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்திய பிறகு குறிப்பிட்ட நாள் வரையிலும் முட்டையைத் தின்னக்கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஆகவே முட்டை சாப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். டிரைக்கோமோனாஸுக்கு வேலை செய்யும் மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளை, உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்கப் பல நாடுகளில் தடை உண்டு. செல்லப் பறவைக்குத் தருவதுபோல் நினைத்துச் சொந்தமாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நாட்காட்டியில் கடைசி மருந்து நாளையும், முட்டை ஒதுக்கும் கடைசி நாளையும் வட்டமிட்டு வையுங்கள். எச்சத்தையும் வாயையும் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கோழி இறந்துவிட்டால், புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். உடலை உறையவைக்காமல் குளிரில் மட்டும் வைத்து, கூடுமானவரை அன்றோ மறுநாளோ கொண்டுபோங்கள். கேண்டிடா முற்றியிருந்தால் தீனிப்பையின் உட்புறம் தேங்காய்ப்பூத் துவாலைபோல் தடித்திருக்கும், பார்த்ததும் தெரியும். மாரெக்கா, புழுவா, ஈயமா என்பது மிச்சமிருக்கும் கோழிகளுக்கான கேள்வி.

10. கூட்டத்தில் சேர்ப்பதும், இடத்தைத் துப்புரவாக்குவதும்

எடை பழைய நிலைக்கு வந்து, தொடர்ந்து மூன்று காலை தீனிப்பை காலியாக இருந்தால் சேர்க்கலாம். முதல் நாள் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு மணி நேரம் மட்டும். தீவனப் பாத்திரம் இரண்டு இடத்தில் இருக்கட்டும், கொத்து வாங்கும் கோழி இன்னொன்றுக்கு ஓடிக்கொள்ளும்.

அதற்கு முன்னால் மேயும் இடத்தை ஒருமுறை குனிந்து நடந்து பாருங்கள். கயிறு, ஆணி, ஸ்டேபிள் கம்பி, நெகிழி, உரிந்த பெயிண்ட். நான் அரைமணி நேரத்தில் ஒரு கை நிறையப் பொறுக்கினேன். வெட்டிய புல்லைக் குவித்துப் போடாதீர்கள். வேரோடு நிற்கும் புல்லைக் கோழி இழுத்துப் பிய்த்துச் சிறு துண்டாகத்தான் தின்னும். வெட்டிக் கிடப்பதை முழு நீளத்துக்கு விழுங்கிவிடும். கீரை கொடுத்தால் பொடியாக நறுக்குங்கள், அல்லது கட்டாகத் தொங்கவிடுங்கள்.

மேயும் கோழிக்கு அரைப்பதற்குப் பொடிக்கல் வேண்டும். கடுகைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சிறிதாக, கரையாத கருங்கல் குறுணி. சிப்பித்தூள் இதற்கு மாற்றல்ல. அது கால்சியத்துக்காகக் கொடுப்பது, வயிற்றில் கரைந்துபோகும். இரண்டும் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்தால் எது எவ்வளவு வேண்டும் என்று கோழியே எடுத்துக்கொள்ளும்.

கருப்பியை நான் முதல் இரண்டு வாரம் தினமும், அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியற்காலையில் தொட்டுப் பார்க்கிறேன். தையல் போட்ட இடத்தில் இறகு கொஞ்சம் கோணலாக முளைத்திருக்கிறது. தொட்டால் இப்போதும் கையைக் கொத்தும்.